பாடும் நெருப்பு

பம்ப் ஸ்டவ்வை இந்தக் காலத்துப் பெண்களில் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். காஸ் அடுப்பு வந்து அதைப் பரணில் ஏற்றிவிட்டது. வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னர் சூடேறும் வரை காத்திருந்து, பிறகு பம்ப் அடித்தால், முதலில் 'உஸ்' என்று சீறி, அப்புறம் 'புர்ர்ர்' என்று ஒரே சுருதியில் இரைய ஆரம்பிக்கும். அந்தச் சுருதி பிசகக் கூடாது. பிசகினால், கூடத்தில் பூத் தொடுத்துக் கொண்டிருக்கும் மாமியாருக்குத் தெரிந்துவிடும். "ஏண்டி, ஸ்டவ் விட்டு விட்டு எரியறாப் போல இருக்கே! பின்னைப் போட்டுக் குத்தேன்" என்று அங்கிருந்தபடியே குரல் கொடுப்பாள்.

சத்தத்தைக் கேட்டே நெருப்பின் குணத்தைச் சொல்கிற இந்த வித்தையை யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். சந்திரனுக்கு மனிதர்களை அனுப்பிய அமெரிக்க இஞ்சினீயர்கள் வருஷக் கணக்கில் தலையைப் பிய்த்துக் கொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான். அவர்களுடைய ராக்கெட்டின் அடித்தட்டில் எரிந்ததும் மண்ணெண்ணெய்தான். நன்றாகச் சுத்தம் செய்த மண்ணெண்ணெய், அவ்வளவே வித்தியாசம். அந்த நெருப்பும் பாடிற்று. பாட ஆரம்பித்தால் ஒரு விநாடி முடிவதற்குள் எஞ்சின் கையை விட்டுப் போயிற்று.

முதலில் அந்த அடுப்பின் அளவைத் தெரிந்து கொள்வோம். ராக்கெட்டின் பெயர் சாட்டர்ன்-5. உயரம் 110 மீட்டர். அதன் அடியில் ஐந்து எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் எஃப்-1 என்று பெயர். ஓர் எஞ்சின் ஒரு விநாடியில் குடிக்கிற மண்ணெண்ணெயும் திரவப் பிராணவாயுவும் சேர்ந்து இரண்டரை டன்னுக்கு மேல். மாதத்துக்கு அல்ல, மணிக்கு அல்ல, ஒரு விநாடிக்கு! இதை உள்ளே தள்ளுகிற பம்புக்கு மட்டும் 55,000 குதிரைச் சக்தி வேண்டியிருந்தது. பம்ப் ஸ்டவ்வில் நம் கட்டை விரல் செய்து வந்த உத்தியோகம் அது.

இவ்வளவும் போய் எரிவது சுமார் ஒரு மீட்டர் அகலமுள்ள ஓர் அறைக்குள். அறையின் தலைப் பக்கத்தில் கனத்த உலோகத் தட்டு ஒன்று இருக்கிறது. ஓமப்பொடி அச்சை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஆயிரக் கணக்கான துளைகள். ஒரு வளையத்தில் மண்ணெண்ணெய் பீச்சும், அடுத்த வளையத்தில் பிராணவாயு பீச்சும். தாரைகள் ஒன்றோடொன்று முட்டிச் சிதறி, பொடித் துளிகளாகி, ஆவியாகி, கலந்து எரிகின்றன. உஷ்ணம் 3,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். இரும்பு உருகுவதற்கு அதில் பாதியே போதும். பின் அறை ஏன் உருகவில்லை என்கிறீர்களா? அதன் சுவர் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய குழாய்களால் ஆனது. எரியப் போகிற மண்ணெண்ணெயில் பெரும் பகுதி அந்தக் குழாய்களுக்குள் ஓடிச் சுவரைக் குளிர்வித்து விட்டுத்தான் அடுப்புக்கு வருகிறது. அது தவிர, சுவரை ஒட்டினாற்போல் சற்று உஷ்ணம் குறைந்த வாயுப் படலம் ஒன்று போர்வை மாதிரி காவல் காக்கிறது. இந்தப் போர்வையை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். இதற்குத்தான் ஆபத்து வரப் போகிறது.

நெருப்புக்கும் நாதத்துக்கும் உள்ள உறவு பழைய உறவு. 1777-லேயே ஹிக்கின்ஸ் என்பவர், கண்ணாடிக் குழாய்க்குள் ஹைட்ரஜன் ஜ்வாலையை வைத்தால் அது தானே ஓர் ஸ்வரம் பிடித்துப் பாடுவதைக் கண்டார். 1858-ல் அமெரிக்காவில் ஜான் லெகாண்ட் என்ற விஞ்ஞானி எழுதி வைத்திருக்கிற சம்பவம் இன்னும் ரசமானது. ஒருவர் வீட்டில் சங்கீதக் கச்சேரி. பியானோ, பிடில், செல்லோ மூன்றும் வாசிக்கிறார்கள். சுவரில் காஸ் விளக்குகள் எரிந்து கொண்டிருக்கின்றன. செல்லோவில் பலமாக ஒரு ஸ்வரம் விழும்போதெல்லாம் விளக்கின் ஜ்வாலை தாளம் தப்பாமல் குதிப்பதை அவர் பார்த்தார். சபையில் மற்றவர்கள் சங்கீதத்தைக் கேட்டுக் கொண்டிருக்க, இந்த மனிதர் மட்டும் விளக்கையே பார்த்துக் கொண்டிருந்திருக்கிறார்! அழைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, விஞ்ஞானத்துக்கு லாபம்.

இதற்கெல்லாம் காரணம் சொன்னவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. வருஷம் 1878. அவர் சொன்னதை ஊஞ்சலை வைத்துப் புரிந்து கொள்ளலாம். கூடத்து ஊஞ்சலில் குழந்தையை உட்கார வைத்து ஆட்டுகிறீர்கள். ஊஞ்சல் உங்கள் பக்கம் வந்து திரும்புகிற அந்தக் கணத்தில் லேசாகத் தள்ளினால் போதும்; ஒவ்வொரு தடவையும் வீச்சு கூடிக் கொண்டே போகும். உங்களை நோக்கி வந்து கொண்டிருக்கும் போது தள்ளினாலோ, வேகம் குறைந்து நின்றுவிடும். சப்தம் என்பது காற்று நெருக்குவதும் தளர்வதுமான ஆட்டந்தானே? காற்று நெருக்கிக் கொண்டிருக்கும் கணத்தில் அதற்கு உஷ்ணம் கொடுத்தால், அது ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளுவது போல, சப்தம் வளரும். தளர்ந்திருக்கும் கணத்தில் கொடுத்தால் சப்தம் அடங்கும். விண்வெளிக்குப் போகும் ராக்கெட் என்ற எண்ணமே பெரும்பாலும் கதைப் புஸ்தகங்களில் இருந்த காலத்தில் கண்டுபிடித்த இந்த விதியைத்தான், இன்றைக்கும் ராக்கெட்காரர்கள் முதல் பாடமாகப் படிக்கிறார்கள்.

இனி எஃப்-1 அறைக்குள் எட்டிப் பார்ப்போம். கல்யாண வீட்டில் அண்டா நிறையத் தண்ணீரை இரண்டு பேர் தூக்கிக் கொண்டு வருகிறார்கள். தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி ததும்புகிறது. சில சமயம் விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றியும் வருகிறது. வட்டமான அறைக்குள் அடைபட்ட வாயுவும் இதே தினுசில்தான் ததும்பும். ஒரே ஒரு வித்தியாசம்: அண்டாத் தண்ணீர் விநாடிக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ ததும்பும், எஃப்-1 அறையில் வாயு விநாடிக்குச் சுமார் 500 முறை ததும்பிற்று.

ஒரு பக்கத்தில் அழுத்தம் ஏறினதும் அங்கே இருக்கிற துளிகள் இன்னும் பொடியாகச் சிதறும், சீக்கிரம் எரியும், உஷ்ணம் கூடும். எப்போது கூடுகிறது? சரியாக நெருக்கம் உள்ள கணத்தில்! யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் ஊஞ்சலை அளவறிந்து தள்ளுகிற கதைதான். அலை வளர்கிறது, வளர்ந்த அலை இன்னும் அதிகத் துளிகளை எரிக்கிறது. சுவரை ஒட்டியிருந்த வாயுப் போர்வையை அந்த அலை வழித்துத் துடைத்துவிடுகிறது. அப்புறம் என்ன? கண் மூடித் திறப்பதற்குள் உலோகம் உருக ஆரம்பித்துவிடும்.

இந்தக் கூச்சல்களுக்கு இஞ்சினீயர்கள் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். மெதுவாக 'குபுக் குபுக்' என்று வருவதற்குச் 'சக்கிங்' என்று பெயர். வண்டு முரலுவது போல் வருவது 'பஸ்ஸிங்'. எல்லாவற்றிலும் கெட்டது 'ஸ்க்ரீச்சிங்', அதாவது வீறிடுதல். குழந்தை வளர்த்த தாய்மார்களுக்கு இந்த மூன்றையும் விளக்கத் தேவையில்லை. முனகல், சிணுங்கல், வீறிடல் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு, வைத்தியமும் வெவ்வேறு. எஃப்-1 எஞ்சினின் நோய் மூன்றாவது ரகம்.

சின்ன எஞ்சின்களில் இந்தத் தொல்லையை எப்படியோ சமாளித்து வந்தார்கள். துளைகளை இப்படி அப்படி மாற்றினால் சரியாய்ப் போயிற்று. ஆனால் எஃப்-1 அதற்கு முன் அமெரிக்காவில் செய்தவற்றையெல்லாம் விடப் பல மடங்கு பெரியது. நாலு பேருக்கு ரசம் வைக்கிறவள், நானூறு பேருக்கு வைக்கச் சொன்னால் எல்லாவற்றையும் நூறால் பெருக்கிப் போட்டு விடுவாளா? உப்பும் புளியும் கணக்குக்குக் கட்டுப்படாது. கொதிக்கிற விதமே வேறாகிவிடும். கல்யாண சமையற்காரர் கைக் கணக்கு தனி. ராக்கெட்காரர்களுக்கு அந்த மாதிரி அனுபவஸ்தர் ஒருவரும் இல்லை. ஏனென்றால் உலகத்தில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய அடுப்பை மூட்டியதில்லை.

1959 ஜனவரியிலிருந்து 1960 மே வரையில் 44 தடவை முழு அளவில் எரித்துப் பார்த்தார்கள். அதில் 20 தடவை நெருப்பு தானாகவே வீறிட்டது. மாற்றங்கள் செய்தார்கள், நிலைமை கொஞ்சம் தேறினாற் போலிருந்தது. 1961 மே மாதம் ஜனாதிபதி கென்னடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சந்திரனில் மனிதனை இறக்கித் திரும்பக் கொண்டு வருவோம் என்று நாடறியச் சொல்லிவிட்டார். அவர் சொன்ன மறு வருஷம் ஜூன் 28-ம் தேதி, காலிபோர்னியா பாலைவனத்தில் எட்வர்ட்ஸ் என்ற இடத்துச் சோதனை மேடையில், கட்டிப் போட்டு எரித்துக் கொண்டிருந்த ஓர் எஃப்-1 எஞ்சின் இந்த நோயினால் அழிந்தது. அடியில் ஐந்து எஞ்சின், உச்சியில் மூன்று மனிதர்கள் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். ஐந்தில் ஒன்று வீறிட்டால் என்ன ஆகும்?

அந்த வருஷம் அக்டோபரில் இந்த வியாதி ஒன்றுக்காகவே தனிக் கோஷ்டி அமைத்தார்கள். எஞ்சின் செய்த ராக்கெட்டைன் கம்பெனியில் பால் காஸ்டன்ஹோல்ஸ், டான் க்ளூட் இருவரும், நாஸாவின் மார்ஷல் நிலையத்தில் ஜெரி தாம்ஸனும் இதற்குத் தலைமை வகித்தார்கள். சர்வகலாசாலைப் பேராசிரியர்களையும் கூப்பிட்டுக் கொண்டார்கள். எல்லாரும் கூடிப் பேசியதில் தெரிந்தது என்னவென்றால், இப்படி இப்படித் துளை போட்டால் நெருப்பு சாதுவாக எரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு சூத்திரமும் கிடையாது என்பதுதான்.

இந்த இடத்தில் ருஷ்யர்கள் செய்த யுக்தியைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1950-களின் ஆரம்பத்தில் அவர்களுக்கும் இதே தலைவலி வந்தது. பெரிய அறை வீறிட்டது. அவர்களுடைய எஞ்சின் நிபுணர் க்ளுஷ்கோ பார்த்தார்: பெரிய அடுப்பு ஒன்று சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் நாலு சின்ன அடுப்பு மூட்டுவோமே! ஒரே பம்பு, நாலு அறைகள் என்று கட்டிவிட்டார். 1957-ல் ஸ்புட்னிக்கையும், 1961-ல் ககாரினையும் தூக்கிச் சென்ற ராக்கெட்டுகளின் அடியில் இப்படி 20 அறைகள் எரிந்தன. அந்த வம்சத்து ஸோயூஸ் ராக்கெட்டுகளின் படத்தைப் பார்த்தால் இன்றும் அடிப்பாகத்தில் நாலு நாலாக வாய்கள் தெரியும். எனக்கென்னவோ இது நல்ல குடித்தனக்காரியின் சாமர்த்தியமாகத் தோன்றுகிறது. அமெரிக்கர்கள் பெரிய அடுப்பேதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள்.

அவர்களுக்கு இன்னொரு சங்கடம். நெருப்பு எப்போது வீறிடும் என்று தெரியவில்லை. பத்துத் தடவை நல்ல பிள்ளையாக எரிந்த எஞ்சின் பதினோராவது தடவை கத்தித் தீர்த்துவிடும். ஒரு மாற்றம் செய்து, அதற்குப் பிறகு பத்துத் தடவை சும்மா இருந்தால், வியாதி குணமாயிற்று என்று அர்த்தமா, இன்னும் வேளை வரவில்லை என்று அர்த்தமா? சிகிச்சை பலித்ததா என்றே தெரியாவிட்டால் வைத்தியர் என்ன செய்வார்?

அதனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. எஞ்சின் முழு வேகத்தில் எரிந்து கொண்டிருக்கும் போது அதற்குள் வேண்டுமென்றே ஒரு சின்ன வெடியை வெடித்தார்கள்! வெடியின் அதிர்ச்சியில் வாயு கட்டாயமாகத் ததும்பும். ததும்பல் வளர்கிறதா, அடங்குகிறதா? அடங்கினால் எத்தனை நேரத்தில்? இப்போது ஒவ்வொரு சோதனையும் ஒரு பதில் சொல்லிற்று. தானாக வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தூங்குகிற குழந்தையின் காதருகில் தட்டைப் போட்டு உடைத்து, அழுகிறதா என்று பார்க்கிற மாதிரி என்று சொல்லலாம். எந்தத் தாயும் ஒப்ப மாட்டாள். ஆனால் இந்தக் குழந்தையை நம்பி மூன்று பேர் ஏறப் போகிறார்களே.

கடைசியில் பலித்த மருந்து இரண்டு. ஒன்று, துளைகளைப் பற்றியது. மண்ணெண்ணெய் வருகிற துளைகளைப் பெரிதாக்கி, தாரைகள் முட்டிக் கொள்ளும் கோணத்தையும் மாற்றினார்கள். மற்றொன்று, அச்சுத் தட்டின் முகத்தில் தாமிரத் தடுப்புகளை எழுப்பி அதை 13 பாத்திகளாகப் பிரித்தார்கள். முன்பெல்லாம் சைக்கிளில் பால் கொண்டு வருகிறவர்கள் பால் தளும்பிச் சிந்தாமல் இருக்கக் கேன் வாயில் வைக்கோல் போட்டு வருவார்கள். பாலின் மேற்பரப்பு பெரிய அலையாகத் திரண்டு எழ அது விடாது. இந்தத் தாமிரப் பாத்திகள் செய்ததும் அதே வேலைதான். தடுப்புகள் உயரமாக இருக்க வேண்டுமென்பதும் இல்லை. துளிகள் எரிய ஆரம்பிக்கிற இடம் தட்டின் முகத்தை ஒட்டித்தானே? அங்கே அலை நடமாட முடியாமல் செய்தால் போதும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இதற்கு அவர்கள் செய்த முழு அளவுச் சோதனைகள் ஏறக்குறைய 2,000. நாலு வருஷ வேலை. 1966-ல் முடித்தபோது, உள்ளே வெடி வெடித்தாலும் பத்தில் ஒரு விநாடிக்குள் நெருப்பு தன்னைத் தானே சமாதானப்படுத்திக் கொண்டு பழையபடி எரிந்தது. 1967-லிருந்து 1973 வரை 13 சாட்டர்ன்-5 ராக்கெட்டுகள் பறந்தன. மொத்தம் 65 எஃப்-1 எஞ்சின்கள். ஒன்றுகூட வீறிடவில்லை.

இந்தக் கதையில் என்னைக் கலங்க வைத்த பகுதி பெரிய எஞ்சினைப் பற்றியது அல்ல. சந்திரனில் இறங்கின இரண்டு பேர் அங்கிருந்து கிளம்ப ஒரு சின்ன எஞ்சின் இருந்தது. அதற்கு மாற்று எஞ்சின் கிடையாது. அது வேலை செய்யாவிட்டால் அந்த இரண்டு பேரும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். இங்கே அவர்களுடைய மனைவிமார்கள் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தச் சின்ன எஞ்சினிலும் வெடிச் சோதனை செய்தபோது சில சமயம் ததும்பல் அடங்க மறுத்தது. பெல் கம்பெனி செய்த எஞ்சின் அது. அதன் துளைத் தட்டுக்கு மாற்றுச் செய்யும்படி 1967-ல் ராக்கெட்டைன் கம்பெனியிடம் சொன்னார்கள். 1968-ல் அந்தப் புதுத் தட்டையே பொருத்தினார்கள். மறு வருஷம் ஜூலை 21-ம் தேதி ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலிருந்து கிளம்பினது அந்தத் தட்டு பொருத்திய எஞ்சினால்தான்.

அமெரிக்கர்கள் இவ்வளவு பாடுபட்டுத் தீர்த்துவிட்டார்களே, அத்தோடு நோய் ஒழிந்ததா என்றால், இல்லை. ஒவ்வொரு புது எஞ்சினுக்கும் புதுக் கணக்கு. 1980 மே 23-ம் தேதி, தென்னமெரிக்காவில் கூரூ என்ற ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர்களின் ஏரியான் ராக்கெட் இரண்டாம் முறையாகக் கிளம்பிற்று. அடியில் வைக்கிங் என்ற பிரெஞ்சு எஞ்சின்கள் நாலு. கிளம்பின சில விநாடிகளிலேயே ஒன்றில் இந்த வீறிடல் ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் ஆவதற்குள் ராக்கெட்டும் அதிலிருந்த இரண்டு செயற்கைக் கோள்களும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தச் செய்தியைக் கேட்டு நம் நாட்டிலும் சிலர் தூக்கமிழந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த ஏரியானில் போக இருந்தது நம்முடைய 'ஆப்பிள்' செயற்கைக் கோள். மாட்டு வண்டியில் ஒரு செயற்கைக் கோளை வைத்து எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. ஆண்டெனாவைச் சோதிக்கும்போது பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது என்று லாரிக்குப் பதில் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைக்கிங் எஞ்சினின் துளைகளைத் திருத்தி, மறுபடி மறுபடி எரித்துப் பார்த்து, ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக் கொண்டார்கள். 1981 ஜூன் 19-ம் தேதி ஏரியான் கிளம்பிற்று. நாலு எஞ்சினும் ஒழுங்காக எரிந்தன. ஆப்பிள் பத்திரமாக விண்ணை அடைந்தது.

அந்த வைக்கிங் எஞ்சினுக்கு நம்மிடத்திலே ஓர் உடன்பிறப்பு உண்டு. 1974-ல் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் செய்து கொண்டு, நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் முதலிய நம் இஞ்சினீயர்கள் அங்கே போய் வேலை பார்த்து, கற்றுக் கொண்டு வந்து செய்த 'விகாஸ்' எஞ்சின்தான் அது. இதில் எரிவது மண்ணெண்ணெய் அல்ல. சேர்ந்த மாத்திரத்தில் தீப்பெட்டியில்லாமலே பற்றிக் கொள்கிற வேறு இரண்டு திரவங்கள். 2023-ல் சந்திரயான்-3 ஏறிப் போன ராக்கெட்டில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் இருந்தன. இதைக் கட்டிப் போட்டு எரித்துப் பார்க்கிற இடம் நம் திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது.

2021 ஜூலை 14-ம் தேதி அங்கே ஒரு விகாஸ் எஞ்சினை மேடையில் பூட்டினார்கள். மனிதர்களை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்துக்கான சோதனை. 240 விநாடி, அதாவது நாலு நிமிஷம், நிறுத்தாமல் எரித்தார்கள். ஆரம்பித்தது முதல் அணைத்தது வரை எஞ்சின் எதிர்பார்த்தபடியே எரிந்தது. சுருதி பிசகவில்லை.